வாசற்படியில் சொன்ன பதில்

வெயில் தாழ்ந்து ஆடுகள் பட்டிக்குத் திரும்புகிற நேரத்தில், ஒரு வீட்டுத் திண்ணையின் ஓரத்தில் அமர்ந்து, கைப்பேசியின் திரையில் தோன்றும் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்து, எதிரே முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருக்கும் மூதாட்டியிடம் பதில் வாங்கிக்கொண்டிருக்கிற கணக்கெடுப்புப் பெண்ணை நம்மில் பலரும் பார்த்திருப்போம். “வீட்டுல எத்தனை பேருங்க ஆத்தா?” என்று அவள் கேட்கிறாள். “அஞ்சு பேரு கண்ணு. பெரியவன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், அவனையும் சேத்துச் சொல்லணுமா?” என்று மூதாட்டி திருப்பிக் கேட்கிறாள். பெண் திரையைப் பார்த்துவிட்டு, “ஆறு மாசத்துக்கு மேல வெளியூர்ல இருந்தா சேக்க வேண்டாமுங்க” என்கிறாள். முறம் ஒரு கணம் நிற்கிறது. பிறகு ஐந்து நான்காகிறது.

அந்த நான்கு என்னும் எண் அதன்பின் எங்கே போகிறது, எந்த வழியாகப் போகிறது, போய்ச் சேர்ந்த இடத்தில் எவ்விதம் வைக்கப்படுகிறது என்பதை அந்த மூதாட்டி கேட்பதில்லை. கேள்வி கேட்ட பெண்ணுக்கும் பெரும்பாலும் தெரியாது. கணக்கெடுப்பைத் திட்டமிடுகிறவர்களோவெனில், கேள்விகளைத் தயாரிப்பதற்குச் செலவிடும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பதில்களைச் சேமித்து வைக்கும் விஷயத்தில் செலவிடுவதில்லை. இது பெருங்குறை என்பது என் உறுதியான அபிப்பிராயம். இதை ஏதோ கணிப்பொறி வல்லுநர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய தொழில்நுட்பச் சங்கதி என்று ஒதுக்கிவிடாமல், ஒரு தடவையேனும் நாம் எல்லோரும் நிதானமாகத் தெரிந்துகொள்வது அவசியம் என்று கருதியே இதை எழுதுகிறேன். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1-ஆம் தேதியை ஆதாரமாகக் கொண்டு, முதன்முறையாகக் கைப்பேசிச் செயலியின் வழியாக நடைபெறும் என்று இந்திய அரசு அறிவித்திருப்பதனால், அந்தத் திண்ணைக் காட்சி இனி நம் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் நடக்கப்போகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் வறண்ட பிரதேசத்துக் கிராமங்கள் சிலவற்றில் நடந்த ஓர் ஆரோக்கியக் கணக்கெடுப்பில், காகிதப் படிவங்களைக் கணிப்பொறியில் ஏற்றும் வேலையில் நானும் இருந்தேன். எல்லாவற்றையும் ஒரே எக்ஸெல் தாளில் ஏற்றினோம். ஒரு வரிசையில் ஓர் ஆள், பெயருக்குப் பக்கத்தில் வயது, அதற்கடுத்து இரத்த அழுத்தம், இன்னும் பல. ஒருநாள் மாலை, பெயர்களை அகரவரிசையில் பார்த்தால் சௌகரியமாக இருக்கும் என்று எங்களில் ஒருவர் பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திச் சேமித்துவிட்டார். பெயர்கள் இடம் மாறின. மற்றப் பத்திகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மறுநாள் காலை, அழுத்தம் அதிகம் என்று குறிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்குச் செவிலியோடு புறப்பட்டுப் போனோம். முதல் வீட்டில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வெளியே வந்து நின்றாள். எங்கள் தாளில் அவள் பெயருக்கு நேரே 190 என்று இருந்தது. மூன்றாவது வீட்டில்தான் நடந்தது என்ன என்று எங்களுக்கு விளங்கியது. காகிதப் படிவங்கள் பத்திரமாக இருந்ததனால் பதினொரு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினோம். அந்தப் பதினொரு நாளும், உண்மையில் 190 உள்ளவர் எந்த வீட்டில், ஒன்றும் அறியாமல், சாப்பாட்டில் உப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாரோ என்ற எண்ணம் என்னை விட்டு நீங்கவேயில்லை.

தாள் செய்த பிழை என்று இதைச் சொல்ல முடியாது. கணக்குப் போடுவதற்கென்று அமைந்த ஒரு சாதனத்தைக் களஞ்சியமாகப் பயன்படுத்தியதே எங்கள் பிழை. பெரிய தேசங்களும் இந்தப் பிழையைச் செய்திருக்கின்றன. 2020 செப்டம்பர் 25-ஆம் தேதிக்கும் அக்டோபர் 2-ஆம் தேதிக்கும் இடையில் இங்கிலாந்தில் கொரோனா தொற்று உறுதியான 15,841 பேருடைய விவரங்கள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டுப் போயின. பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த விவரங்களை 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காத பழைய எக்ஸெல் கோப்பு ஒன்றில் ஏற்றியதும், அந்த எல்லையைத் தாண்டியவை ஓசையின்றிக் கழிக்கப்பட்டதுமே காரணம். நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடிப் போய் எச்சரிக்க வேண்டிய பணியாளர்களுக்கு அந்தப் பெயர்கள் உரிய நாளில் கிடைக்கவில்லை.

இவ்விதமான விபரீதங்களுக்கு இடம் கொடாத சேமிப்பு முறையொன்றைச் சிந்தித்து எழுதியவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் பணியாற்றி, ஆக்ஸ்போர்டில் கணிதம் பயின்ற அவர், கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரத்து ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, 1970 ஜூன் மாதம் வெளியிட்ட ஒரு கட்டுரையில், எத்தனை பெரிய விவரத் தொகுதியையும் எளிய அட்டவணைகளாகப் பிரித்து, அவற்றுக்கிடையே உள்ள உறவைப் பொதுவான மதிப்புகளினால் மட்டுமே குறித்து வைத்தால் போதும் என்று நிறுவினார். அதுவரையில், ஒரு விவரத்தை எடுக்க வேண்டுமானால் அது கணிப்பொறிக்குள் எந்தப் பாதையில் கிடக்கிறது என்பதை நிரல் எழுதுகிறவர் அறிந்திருக்க வேண்டும். காட் வகுத்த முறையிலோ, என்ன வேண்டும் என்று கேட்டால் போதும். எங்கே இருக்கிறது என்று தேடுவது இயந்திரத்தின் பொறுப்பு. அப்படிக் கேட்பதற்கென்று 1974-இல் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் அமைத்த மொழிதான் இன்று எஸ்.க்யூ.எல். என்ற பெயரில் உலகமெங்கும் வழங்குகிறது.

நம் மூதாட்டியின் வீட்டையே எடுத்துக்கொள்வோம். கைப்பேசிப் படிவம் அந்த வீட்டை ஒரு மரத்தைப் போலப் பதிவு செய்கிறது. வீடு அடிமரம், அதிலிருந்து நான்கு பேர் நான்கு கிளைகள், அந்தக் கிளை ஒவ்வொன்றிலும் அவரவருக்குள்ள நோய்கள் சிறு கொம்புகள். மூதாட்டிக்குச் சர்க்கரையும் மூட்டுவலியும் உண்டு, மருமகளுக்கு ஒன்றுமில்லை, பேரனுக்கு இளைப்பு. கேட்பதற்கு இந்த மர வடிவம் மிகவும் இசைவானது. ஆனால் காட் வகுத்த முறையில் அமைந்த சேமிப்பாகிய உறவுமுறைத் தரவுத்தளம் மரத்தை அறியாது. அட்டவணைகளை மட்டுமே அறியும். எனவே மரத்தை அட்டவணைகளாக மாற்றியாக வேண்டும். அந்த மாற்றத்தில்தான் கைப்பேசியைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் வேலையின் உயிர்நாடி இருக்கிறது.

வீடுகளுக்கு ஓர் அட்டவணை. அதில் மூதாட்டியின் வீடு ஒரே ஒரு வரிசை. அதற்கு 0417 என்று எண். ஆட்களுக்கு இன்னோர் அட்டவணை. அதில் இந்த வீட்டாருக்கு நான்கு வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் அவரவர்க்குரிய தனி எண்ணும், அதன் பக்கத்தில் ‘இவர் 0417-ஐச் சேர்ந்தவர்’ என்று சொல்லும் வீட்டு எண்ணும் இருக்கும். நோய்களுக்கு மூன்றாவது அட்டவணை. அதில் மூதாட்டிக்கு இரண்டு வரிசை, பேரனுக்கு ஒன்று, மருமகளுக்கு வரிசையே இல்லை. தன் வரிசையைத் தனித்துக் காட்டும் எண்ணை முதன்மைச் சாவி என்றும், வேறோர் அட்டவணையின் வரிசையைச் சுட்டும் எண்ணை அயற்சாவி என்றும் சொல்கிறார்கள். எங்கள் எக்ஸெல் தாளில் பெயருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இருந்த ஒரே பந்தம், அவை அடுத்தடுத்துக் கிடந்தன என்பதுதான். இங்கே எந்த வரிசையை எங்கே நகர்த்தினாலும் பந்தம் அறுவதில்லை. மேலும், ஆட்கள் அட்டவணையில் இல்லாத ஒருவருக்கு நோய் எழுத முற்பட்டால் தரவுத்தளம் அதை ஏற்க மறுக்கும்; ஆட்கள் இருக்கும்போதே வீட்டை அழிக்க முற்பட்டாலும் தடுக்கும். மனிதர் அசந்திருக்கும் வேளையிலும் காவல் அசராமல் இருக்கிறது என்பதே இந்த ஏற்பாட்டின் மேன்மை.

இனி, இந்தத் தரவுத்தளத்தோடு இணைக்கப்படும் கைப்பேசிக் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வகைக் கருவிகளில் உலகம் முழுவதும் பரவியிருப்பது ஓ.டி.கே. என்பது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கயெடானோ போரியெல்லோவும் அவருடைய மாணவர்களும் 2008-இல், அதாவது முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி கடைக்கு வந்த அதே ஆண்டில், இதைத் தொடங்கினார்கள். யாரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம். அதன் மூலநிரலையும் படிக்கலாம். சிக்னல் இல்லாத காட்டு மலைக் கிராமத்திலும் படிவத்தை நிரப்பிச் சேமித்து வைத்து, ஊருக்குத் திரும்பியபின் அனுப்பலாம் என்பதுதான் அதைக் களப்பணியாளர்களின் தோழனாக்கியது. கோபோ டூல்பாக்ஸ் முதலிய வேறு பல கருவிகளும் இதன் வித்திலிருந்து முளைத்தவையே.

இதனால் விளைந்த நன்மைக்கு ஒரு சான்று போதும். டிரக்கோமா என்று ஒரு கண்நோய் உண்டு. இமையின் உட்புறம் திரும்பத் திரும்பப் புண்பட்டுச் சுருங்கி, இமைமயிர் உள்நோக்கி வளைந்து, கண்ணைச் சிமிட்டும்போதெல்லாம் கருவிழியை உராய்ந்து, கடைசியில் பார்வையைப் பறித்துவிடும் கொடிய நோய் அது. எளியவர்களையே தேடிப் பிடிப்பது. அது எந்தெந்த மாவட்டங்களில் எவ்வளவு இருக்கிறது என்று அறிவதற்காக, 2012 டிசம்பரில் எத்தியோப்பியாவின் ஒரோமியா பிரதேசத்தில் தொடங்கி 2016 ஜனவரி வரை, 29 நாடுகளில் 26 லட்சம் பேருடைய கண்களைப் பரிசோதித்தார்கள். இமையைத் திருப்பிப் பார்ப்பவர் ஒருவர். அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்பவர் இன்னொருவர். அந்தக் கைப்பேசிகளில் இருந்தது ஓ.டி.கே.யை ஆதாரமாகக் கொண்டு அமைத்த செயலி. பதிவுகள் சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே சரிபார்க்கப்பட்டு, அந்தந்த நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் ஒப்புதலுடன் வரைபடமாயின. எங்கே மருந்து அனுப்புவது, எங்கே அறுவைச் சிகிச்சைக்கு ஆள் அனுப்புவது என்பதற்கு அந்த வரைபடங்கள் வழிகாட்டின. இருபத்தாறு லட்சம் ஜோடிக் கண்களில் எந்தக் கண் எந்த ஊரைச் சேர்ந்தது என்ற பந்தம் இடையில் அறுந்திருக்குமானால், இத்தனை பேர் நடந்த நடையெல்லாம் வீணாகியிருக்கும்.

இணைப்பு நிகழும் விதம் இதுதான். கைப்பேசியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு படிவத்துக்கும், உலகில் வேறெந்தப் படிவத்துக்கும் வாய்க்காத நீண்ட அடையாள எண் ஒன்றைக் கருவியே இட்டு அனுப்புகிறது. சர்வர் அதைப் பெற்று, தன் பின்னே நிற்கும் தரவுத்தளத்திடம் ஒப்படைக்கிறது. பழைய ஓ.டி.கே. சர்வரை நிறுவும்போது, மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தளங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது இருக்கும் கணிப்பொறியின் முகவரி, வாயில் எண், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டால், படிவத்துக்கு ஏற்ற அட்டவணைகளை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். வாயில் எண் மைஎஸ்க்யூஎல்லுக்கு வழக்கமாக 3306, போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 5432. இப்போதைய சர்வர் போஸ்ட்கிரெஸ் ஒன்றையே பயன்படுத்துகிறது; படிவத்தை வந்த வடிவிலேயே பத்திரப்படுத்திக்கொண்டு, கேட்கிறவர்களுக்கு அட்டவணைகளாகப் பிரித்துத் தருகிறது. நமக்கென்று தனித் தரவுத்தளம் வேண்டுமானால், இரவுதோறும் ஒரு சிறு நிரல் அந்தச் சர்வரைத் தட்டி, புதிதாக வந்தவற்றைக் கேட்டு வாங்கி, நம் அட்டவணைகளில் இட்டுவிட்டு வரும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

அந்த அடையாள எண்ணின் அருமை, நெட்வொர்க் சரியில்லாத ஊர்களில்தான் தெரியும். பெண் ‘அனுப்பு’ என்று அழுத்துகிறாள். படிவம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் போய்விடுகிறது. போகவில்லை என்று நினைத்துக் கைப்பேசி மறுபடியும் அனுப்புகிறது. அடையாள எண் இல்லையென்றால் மூதாட்டியின் வீடு இரண்டு வீடாகிவிடும். நான்கு பேர் எட்டுப் பேராவார்கள். எண் இருப்பதனால், ‘இது முன்பே வந்தது’ என்று தரவுத்தளம் கண்டுகொள்கிறது. அதேபோல், ஒரு படிவத்தின் வீட்டு வரிசை ஏறி, ஆட்களின் வரிசைகள் ஏறுவதற்குள் மின்சாரம் போனாலும், பாதி வீட்டை வைத்துக்கொண்டு நிற்பதில்லை. ஏறினால் முழுதும் ஏறும், இல்லையேல் ஒன்றும் ஏறாது. நமக்கென்று நாமே நிரல் எழுதுவிக்கும்போது இந்த இரண்டு காப்புகளையும் கேட்டு வாங்க வேண்டும். கேளாமல் அவை தாமாக வருவதில்லை.

தமிழ் எழுத்துக்களைப் பற்றி ஒரு வார்த்தை. யூனிகோடின் யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு ‘க’வைச் சேமிக்க மூன்று பைட் இடம் வேண்டும், ‘கி’ என்றால் மெய்யோடு சேர்ந்த குறிக்கும் தனியே மூன்று பைட். மைஎஸ்க்யூஎல் 2018-இல் வந்த எட்டாம் பதிப்புக்கு முன்பு வரை, நாம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், மேலை ஐரோப்பிய எழுத்துக்களுக்கென்று அமைந்த முறையிலேயே அட்டவணைகளை உண்டாக்கி வந்தது. அப்படிப்பட்ட அட்டவணையில் ‘செல்லம்மாள்’ என்ற பெயரை ஏற்றினால், திரும்ப எடுக்கும்போது கேள்விக்குறிகளின் வரிசையே வரக்கூடும். ஒருமுறை கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்ட பெயரை எந்த வித்தையாலும் மீட்க முடியாது. பழைய சர்வர்களை இன்னும் நடத்துகிறவர்கள் இதைச் சரிபார்க்காமல் ஒரு தமிழ்ப் பெயரைக்கூட ஏற்றக்கூடாது.

இன்னொரு நுட்பம் வெறுமையைப் பற்றியது. மருமகளிடம், ‘போன மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போனாய்?’ என்று கேட்டு அவள் ‘போகவில்லை’ என்றால் அது பூஜ்யம். ‘ஞாபகமில்லை’ என்றால் அது வேறு. பேரன் சிறுவன், அவனிடம் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை என்றால் அது மூன்றாவது. தாளில் இம்மூன்றும் ஒரே வெற்றுக் கட்டமாக நின்றுவிடுகின்றன. அல்லது யாரோ ஒருவர் அழகுக்காக எல்லாவற்றிலும் பூஜ்யத்தை நிரப்பிவிடுகிறார். அந்த நிமிஷத்திலேயே ஊரின் சராசரி வேலைநாள் குறைந்து, ஊர் உள்ளதைவிட ஏழையாகிறது. தரவுத்தளத்தில் பூஜ்யம் வேறு, இன்மை வேறு. காட் 1985-இல் எழுதிய விதிகளில் இந்த இன்மைக்கென்றே ஒரு விதி வகுத்தார். ‘ஞாபகமில்லை’ என்பதற்கு மட்டும் படிவத்திலேயே தனி விடை வைத்துவிட வேண்டும்.

குடிநீர் எங்கிருந்து கிடைக்கிறது என்ற கேள்விக்குக் குழாய், கிணறு, லாரி என்று ஒருவர் மூன்று பதிலும் சொல்லக்கூடும். கருவி இவற்றை ஒரே கட்டத்தில் இடைவெளி விட்டு எழுதி வைக்கும். அப்படியே விட்டுவிடாமல், பதிலுக்கொரு வரிசையாகத் தனி அட்டவணையில் வைத்தால்தான், ‘லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகள் எத்தனை?’ என்று பின்னால் ஒருவர் கேட்கும்போது சந்தேகத்துக்கு இடமில்லாத விடை கிடைக்கும். இதையெல்லாம் படிவம் எழுதும்போதே தீர்மானிக்க வேண்டும் என்பதைத்தான் நான் வற்புறுத்துகிறேன். அட்டவணைகளை ஒரு காகிதத்தில் வரைந்து பார்த்துவிட்டுக் கேள்விகளை எழுதுகிறவர், தேவையற்ற கேள்விகளைத் தாமே அடித்துவிடுவார் என்பதையும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

அந்தரங்கத்தைக் காப்பதற்கும் இந்த அட்டவணைப் பிரிவினையே துணை செய்கிறது. பெயரும் முகவரியும் ஓர் அட்டவணையிலும், நோய் விவரம் மற்றோர் அட்டவணையிலும் இருக்கும்போது, ஆராய்ச்சி செய்கிறவருக்கு இரண்டாவதைப் பார்க்கும் உரிமையை மட்டும் கொடுத்து முதலாவதை மூடிவைக்கலாம். எக்ஸெல் தாளாக இருந்தால் முழுதையும் கொடுத்தாக வேண்டும். மின்னஞ்சலில் ஒருமுறை போய்விட்டால் அது எத்தனை கைக்குப் போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. 2023-இல் நம் பாராளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியிருக்கிறது. சட்டம் இல்லாதிருந்தாலும்கூட, தன் வீட்டுத் திண்ணையில் இடம் கொடுத்து, தன் நோயையும் மகன் ஊரிலில்லாததையும் ஒளிக்காமல் சொன்னவளின் அந்தரங்கத்தைக் காப்பது நாம் அவளுக்குப் பட்ட கடன்.

ஆகையால், கணக்கெடுப்பு நடத்தப் போகும் சங்கங்களையும் பள்ளிகளையும் ஊராட்சிகளையும் தொண்டு நிறுவனங்களையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முதல் கைப்பேசி முதல் தெருவுக்குப் போவதற்கு முந்தின நாள், தாய் ஒருத்தியும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒரு கற்பனைக் குடும்பத்தை, தமிழ்ப் பெயர்களுடன், ஒரு பிள்ளைக்கு இரண்டு நோயும் இன்னொரு பிள்ளைக்கு ‘ஞாபகமில்லை’ என்ற பதிலுமாகப் படிவத்தில் நிரப்பி, வேண்டுமென்றே இரண்டு தடவை அனுப்பிப் பாருங்கள். பிறகு தரவுத்தளத்தின் முன் உட்கார்ந்து அந்தக் குடும்பத்தைத் தேடுங்கள். ஒரே ஒரு வீடாக, தாயும் மூன்று பிள்ளைகளும் அந்த வீட்டின் வரிசையோடு பிணைந்து, பெயர்கள் எழுத்துப் பிசகாமல் வந்திருந்தால் மறுநாள் புறப்படுங்கள். இல்லையென்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.